கனிஷ்ட புதல்வி

"நீ கொமன் நவுனா, ப்ரொப்பர் நவுனா?"

ஏழாம் வகுப்பில் றுஸ்தா என்னிடம் இப்படிக் கேட்டாள். இங்கிலீஸ் பாடம் முடிந்து நபீலா டீச்சர் வெளியே போயிருந்தார். அடுத்த பாடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. கரும்பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் பிள்ளை, ஊர், ஆறு, டீச்சர் என்பவற்றுக்கான இங்கிலீஸ் சொற்கள் சின்ன எழுத்தோடு தொடங்கின. வலப்பக்கம் கல்முனை, மகாவலி, நபீலா எல்லாம் பெரிய எழுத்தோடு நிமிர்ந்து நின்றன. ஒரே மாதிரியான எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்வது கொமன் நவுன், இதுதான் என்று ஒன்றே ஒன்றைக் கைநீட்டிக் காட்டுவது ப்ரொப்பர் நவுன் என்று டீச்சர் சொல்லியிருந்தார். தன் பெயரையே உதாரணமாக எழுதியதில் அவருக்குக் கொஞ்சம் வெட்கம் வந்ததையும் நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"நான் ப்ரொப்பர். இந்த ஸ்கூல்லயே றுஸ்தா ஒண்டுதான்," என்றாள். "நீ செல்லு."

சொல்வதற்குப் பதிலாக நான் கரும்பலகையின் கோட்டைப் பார்த்தேன்.

"என்ன புள்ள, வாயில பிளாஸ்டரா ஒட்டியிரிக்கி?"

அவள் சிரித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அது விளையாட்டு. எனக்குத்தான் பதில் தெரியவில்லை. ஏனென்றால் எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் இன்னொரு ஸுஹைறா இருந்தாள். கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிறு காலையில் அவளுக்கு நாலு வயது. உம்மாவின் கையிலிருந்துதான் போனாள். இரண்டு வருடம் கழித்து நான் பிறந்தபோது வாப்பா அதே பெயரை எனக்கும் வைத்தார். பிறப்புச் சாட்சிப் பத்திரத்திலும் பள்ளிக்கூட இடாப்பிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. ஆனால் உம்மாவுக்கு அதை வாயெடுத்துச் சொல்ல வரவில்லை. உம்மா என்னைப் 'புள்ள' என்பார். உம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாப்பாவும் 'மகள்' என்று ஆக்கிக்கொண்டார். தம்பி அஸ்பாக்குக்கு நான் ராத்தா. யாருக்கும் என்மேல் கோபமில்லை. அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனாலும் அந்த மூன்று சொற்களுமே கரும்பலகையில் கோட்டுக்கு இடப்பக்கம் நிற்க வேண்டியவை என்று அன்றைக்கு, அந்த வகுப்பறை வாங்கில் இருந்தபடி, எனக்குப் பட்டது.

றுஸ்தா மட்டும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். படலைக்கு வெளியே சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "ஸு...ஹைறா" என்று நடுவில் இழுத்து. அந்தச் சத்தம் கேட்டால் குசினிக்குள் உம்மாவின் கை ஒரு கணம் நிற்கும். பிறகு அகப்பை மறுபடி சட்டியில் உரசத் தொடங்கும். அந்த ஒரு கணத்துக்காக உம்மாவை நினைத்து எனக்குப் பாவமாக இருக்கும். அந்தக் கூப்பாட்டுக்காக நான் விடிந்ததிலிருந்து காத்திருந்திருப்பேன் என்பதும் உண்மைதான்.

பத்தாம் வகுப்பில் கொரோனா வந்து பள்ளிக்கூடத்தை மூடினார்கள். ஒரே ஒரு ஃபோனில் நானும் தம்பியும் மாறி மாறிப் படித்தோம். அவனுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை வருடம். அதனால் பெரும்பாலும் ஃபோன் அவனிடமே இருந்தது. மறுபடி பள்ளிக்கூடம் திறந்தபோது எல்லோரும் எனக்குத் தெரியாத பாடங்களைப் பற்றிக் கதைத்தார்கள். இங்கிலீஸ் பாடத்தில் எழும்பி வாசிக்கச் சொன்னால் முதல் வரியிலேயே திக்கி மறுபடி இருந்துவிடுவேன். ஒரு திங்கட்கிழமை வயிற்றுவலி என்று நின்றேன். செவ்வாயும் நின்றேன். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. றுஸ்தா மூன்று மாதம் காலையில் படலையில் வந்து கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு பள்ளிக்கூடம் விட்டுப் போகும்போது மட்டும் வந்தாள். பிறகு வெள்ளிக்கிழமைகளில் வந்தாள். அவள் உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம் மொத்தமாக நாலு தரம்தான் வந்தாள். அந்த நாலையும் நான் கொப்பியில், கோட்டுக்கு வலப்பக்கம், திகதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.

வாப்பாவுக்குச் சாய்ந்தமருதில், பிரதான வீதியில் ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. கல்யாணக் கார்ட்தான் முக்கியமான வேலை. வாப்பாவின் கண் மங்கத் தொடங்கிய பிறகு டைப் பண்ணும் வேலையை நான் வீட்டிலிருந்தே செய்கிறேன். ஆட்கள் கடையில் எழுதிக் கொடுக்கும் தாளை வாப்பா ஃபோனில் படம் எடுத்து அனுப்புவார். நான் டைப் பண்ணி, வீட்டில் இருக்கும் சின்ன பிரிண்டரில் ஒரு மாதிரிப் பிரதி எடுத்து வைப்பேன். வாப்பா அதைக் கொண்டுபோய்க் கல்யாண வீட்டுப் பெரிய மனிதரிடம் காட்டி, மூலையில் கையெழுத்து வாங்குவார். அதன்பிறகு கடையில் பொன் மையால் அடிப்பார்கள். அந்த மை காய்ந்தால் எழுத்துகள் மட்டையின் மேல் கொஞ்சம் மேடாக நிற்கும். அடித்த கார்ட்கள் மறுபடி வீட்டுக்கு வரும். நானும் உம்மாவும் மடித்து, உறையில் போட்டு, பெட்டியில் அடுக்குவோம். கையெழுத்து விழுந்த பிறகு அந்த எழுத்துகளை ஒருவரும் திரும்ப வாசிப்பதில்லை. நான் மட்டும்தான் வாசிப்பேன்.

சில வீடுகளில் கார்டில் பொண்ணின் பெயரைப் போடுவார்கள். சில வீடுகளில் போடமாட்டார்கள். போடாதவர்கள் அதைத் தனியாகச் சொல்வதும் கிடையாது. எழுதித் தரும் தாளில் அந்தப் பெயருக்கு இடமே இருக்காது, அவ்வளவுதான். மாப்பிள்ளையின் பெயர், அவர் பார்க்கும் உத்தியோகம், இரண்டு வாப்பாமாரின் பெயர், மண்டபத்தின் பெயர், தெருவின் பெயர் எல்லாம் வரும். இங்கிலீஸ் பக்கத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் பெரிய எழுத்துப் போட்டுக்கொண்டே போவேன். பொண்ணுக்கு மூத்த மகள், இளைய மகள் என்று மட்டும் சின்ன எழுத்தில் இருக்கும். ஆயிரக்கணக்கில் மடித்திருப்பேன். யாருடைய கார்டோ என்று கைகள் பாட்டுக்கு மடித்துக்கொண்டிருக்கும்.

ஆடி மாதத்துக் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிய வாரம் ஜவுபர் ஹாஜியாரின் தாள் வந்தது. அழகான கையெழுத்து. 'எமது கனிஷ்ட புதல்வியை' என்ற வரியைப் பார்த்ததுமே, விலாசத்தை வாசிக்க முந்தி, எனக்கு விளங்கிவிட்டது. ஹாஜியாருக்கு மூன்று மகள்மார். சிரேஷ்ட புதல்வியின் கார்டும் இரண்டாம் புதல்வியின் கார்டும் எங்கள் கடையில்தான் அடித்தது. மிச்சமிருப்பது கடைசி மகள் றுஸ்தா.

அடுத்த நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் வந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு. கையில் வட்டிலப்பத் தட்டு. அதை உம்மாவிடம் கொடுத்துவிட்டு நேராக என் அறைக்குள் வந்து, அபாயாவைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் குந்தினாள்.

"எங்கட கார்ட் வந்திச்சா?"

"ஓம்."

"காட்டு."

திரையில் காட்டினேன். மெதுவாக வாசித்தாள். மாப்பிள்ளை முஸ்தாக்கின் பெயரும் அவருடைய பட்டமும் ஒரு முழு வரியைப் பிடித்திருந்தன.

"அவருட கூட்டாளிமாரு கேப்பானுகள், யாருடா பொண்ணு எண்டு. கனிஷ்டாவாம் எண்டு செல்லட்டும்," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "வாப்பாக்கிட்ட கேட்டன் ஸுஹைறா. ஏசுவாரு எண்டு நெனச்சன். ஏசல்ல. ஏசியிருந்தா சண்ட புடிச்சிருப்பன். தலையத் தடவிட்டுச் செல்றாரு, 'கார்ட் எண்டா நாலு நாளையில குப்பையில கிடக்கும் மகள். மீன் சந்தையில கால்ல மிதிபடும். மிதிபடவா நான் உனக்குப் பேர் வெச்சன்?' எண்டு. இதுக்கு என்னத்தச் செல்ற?"

நான் யோசித்துப் பார்த்தேன். "வளவு உறுதியில உன்ட பேர் இரிக்கிதானே," என்றேன். எங்கள் ஊரில் வீட்டை மகளுக்குத்தான் எழுதுவார்கள். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். ஹாஜியார் றுஸ்தாவுக்கு மாடியோடு ஒரு வீடு கட்டியிருந்தார்.

"இரிக்கி. வாப்பாட அலுமாரிக்குள்ள, பூட்டுப் போட்டு. எனக்கு அலுமாரிக்குள்ள வேணா." கட்டில் விரிப்பில் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே சொன்னாள். "ஏ.எல். எழுதினன். ரிசல்ட் இன்டெக்ஸ் நம்பருக்குத்தான் வந்திச்சி, பேருக்கில்ல. கெம்பஸ் கிடைச்சிருந்தா லிஸ்ட்ல பேர் வந்திரிக்கும். ரெண்டு மார்க்கால போயிட்டு. இனி எங்க வரப் போகுது? நாளைக்கு இன்னாருட பொஞ்சாதி, பொறகு இன்னாருட உம்மா. நாலு பேரு கையில என்ட பேர ஒரு தரம் வெச்சிப் பாக்கணும் போல இரிக்கி. ஒரே ஒரு தரம்."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒண்டு கேட்டா செய்வியா?"

"என்ன?"

"வாப்பா கையெழுத்து வெச்ச பொறகு என்ட பேரப் போடு. அதுக்குப் பொறகு யாரு வாசிக்கிற? கார்ட் குடுத்து முடிஞ்சா வாப்பா என்ன, நானூறு வீட்டுக்கும் போய்ப் புடுங்கிட்டு வருவாரா? கேட்டா டைப்பிங் மிஸ்டேக் எண்டு செல்லு. மிச்சத்த நான் பாத்துக்கிறன்." குரலைத் தாழ்த்தினாள். "செய்வியா ஸுஹைறா?"

"ஓம்," என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு சீக்கிரமாக ஒரு சொல்லும் வந்ததில்லை. அவள் என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளிவிட்டுப் போனாள். அந்த இடம் பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் சூடாக இருந்தது போல எனக்குப் பட்டது.

மாதிரிப் பிரதி மூன்று நாளில் கையெழுத்தோடு திரும்பி வந்தது. நான் கதவைச் சாத்திவிட்டு, 'கனிஷ்ட புதல்வி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவளுடைய பெயரை டைப் பண்ணினேன். கீழே இருந்த வரிகள் எல்லாம் கொஞ்சம் விலகி இடம் கொடுத்தன. மறுபக்கம் இங்கிலீஸிலும் போட்டேன். பெரிய எழுத்தோடு. பெயர் வந்ததும் கார்டுக்கு ஒரு முகம் வந்தது போல இருந்தது. எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது.

வாப்பா கதவைத் திறந்தார். லுஹர் தொழுதுவிட்டு, சாப்பிட்டு, கடைக்குத் திரும்பும் அவசரம். கண்ணாடியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

"ஹாஜியாருட வேல முடிஞ்சா மகள்?"

"ஓம் வாப்பா. நீங்க ஒருக்காப் பாருங்களன்."

நான் அதை ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவர் பார்த்துவிட்டால் நல்லது என்று நினைத்திருக்கலாம்.

"நான் என்னத்துக்குப் பாக்குற? உன்ட கையால வந்தா நான் திருப்பிப் பாக்கிறல்லயே," என்றார். "நேத்துப் பள்ளிவாசல்ல ஹாஜியார் எல்லாருக்கும் முன்னால செல்றாரு, 'உங்கட புள்ளட வேலையில ஒரு பிழை கண்டதில்ல' எண்டு. எனக்கு வந்த பெருமை செல்லி முடியா." பென் டிரைவுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

ஹாஜியார் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறார். நோன்புக் கலண்டர், மத்ரஸாப் பற்றுச்சீட்டு, ஜனாஸா அறிவித்தல் எல்லாம் அவர் சொல்லித்தான் எங்கள் கடைக்கு வருகின்றன. அதையும் நினைத்தேன்தான். ஆனால் அதைவிட, வாப்பாவின் நீட்டிய கையில் பொன் மை ஒட்டிக் காய்ந்திருந்த நகங்களைப் பார்த்தேன். அழிக்கிற விசையை நாலைந்து தரம் தட்டினால் போதுமாக இருந்தது. விலகியிருந்த வரிகள் மறுபடி மேலே வந்து ஒட்டிக்கொண்டன. மறுபக்கத்திலும் தட்டினேன். வாப்பா, "முடிஞ்சா?" என்றார். முடிந்தது.

அன்று பின்னேரம் றுஸ்தா வட்ஸ்அப்பில், 'போட்டியா?' என்று கேட்டாள். பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருந்தேன். நான் பதில் போடாமல் இருப்பது அவளுக்குப் பழகிப்போனது. பத்து நிமிடத்தில் ஒரு பூவும் இரண்டு இதயமும் அனுப்பினாள்.

நானூறு கார்ட்களும் புதன்கிழமை வந்தன. காற்றுக்குப் பறக்கும் என்று யன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க நானும் உம்மாவும் மடித்தோம். பிழைத்தால் பாவிக்கட்டும் என்று கடையிலிருந்து எப்போதும் பத்து வெற்று மட்டை கூடுதலாக வரும். உம்மா அஸர் தொழப் போன நேரத்தில் அவற்றில் ஒன்றைச் சின்ன பிரிண்டருக்குள் விட்டேன். மட்டை தடிப்பு. முதலாவது சிக்கியது. இரண்டாவதில் எழுத்துச் சாய்ந்தது. மூன்றாவதில் மை இழுபட்டது. நாலாவது சரியாக வந்தது. பொன் நிறத்துக்குக் கிட்டவான ஒரு மஞ்சளைத் தேடிப் போட்டிருந்தேன். 'எமது கனிஷ்ட புதல்வி றுஸ்தாவை.' உறையில் போட்டு என் தலையணைக்குக் கீழே வைத்தேன். நானூறு பேர் எதற்கு, அவளுக்குத்தானே பெயர், அவளிடம் ஒன்று இருந்தால் போதும்தானே என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். எத்தனை வருடம் போனாலும் அவள் அலுமாரியைத் திறந்து அதை எடுத்துப் பார்க்கும்போது என்னை நினைப்பாள் என்றும் நினைத்தேன். வெட்கமில்லாமல் சந்தோஷமாகக் கூட இருந்தேன்.

வியாழக்கிழமை அவள் தன் அண்ணன் றிஸ்மி காக்காவின் ஓட்டோவில் வந்து இறங்கினாள். றிஸ்மி காக்கா வெளியே நின்று ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தார். அவள் வாசலிலேயே என் உம்மாவைக் கட்டிப் பிடித்து, "மாமி, முதல் கார்ட் உங்களுக்குத்தான். வராட்டி நான் மாப்பிள்ளையக் கபூல் செல்ல உடமாட்டன்," என்றாள். உம்மா சிரித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனார்.

அறைக்குள் வந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்தாள்.

"காட்டு, காட்டு. ரெண்டு நாளா நித்திரையில்ல புள்ள."

தலையணைக்குக் கீழே இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அவள் உறையைக் கிழியாமல் திறந்து, கார்டை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். அவளுடைய உதடுகள் அசைவது தெரிந்தது. தன் பெயரைத்தான் வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள். அவளுக்கு ஏழாம் வகுப்பில் இருந்த முகம் ஒரு நிமிடம் திரும்பி வந்தது.

"அல்லாஹ்வே," என்றாள். "என்னா அழகு."

பிறகு அந்தப் பெயரின் மேல் விரலை வைத்துத் தடவினாள். இரண்டு ராத்தாமாரின் கார்ட்களையும் வீட்டிலிருந்து தன் கையால் கொடுத்தவள் அவள். பொன் மையின் மேடு அவளுடைய விரலுக்குத் தெரியும். விரல் ஒரு தரம் போய் வந்தது. மறுபடி போனது. எழுத்து மட்டமாக இருந்தது. விரல் அதே இடத்தில் நின்றுவிட்டது.

கட்டிலில் பெட்டி திறந்துதான் இருந்தது. அவள் மேலே இருந்ததை எடுத்து உறையை விரித்துப் பார்த்தாள். நடுவிலிருந்து ஒன்றை உருவிப் பார்த்தாள். கீழேயிருந்தும் ஒன்றை எடுத்தாள். மூன்றையும் தடவிப் பார்த்தாள். அவற்றில் எழுத்து மேடாகத்தான் இருந்தது.

"அது உனக்கு," என்றேன். "உனக்கெண்டு ஒண்டு செஞ்சன். நீ வெச்சிரி."

அவள் என்னைப் பார்த்தாள். ஏசினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். ஏன் செய்யவில்லை என்று கேட்டால், வாப்பாவின் கையைப் பற்றிச் சொல்லலாம் என்று சொற்களை அடுக்கிக்கொண்டு நின்றேன். அவள் கேட்கவில்லை. வெளியே ஹோர்ன் அடித்தது. "தங்கச்சி, கெதியா வா!" என்று றிஸ்மி காக்காவின் சத்தம் வந்தது.

எடுத்த மூன்றையும் ஒவ்வொன்றாக உறைக்குள் போட்டுப் பெட்டியில் வைத்தாள். பிறகு நான் கொடுத்ததையும் அதன் உறைக்குள் போட்டாள். அதைக் கைப்பைக்குள் வைப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பெட்டியின் நடுவில் கையை விட்டு உறைகளை விலக்கி, அந்த இடைவெளிக்குள் அதையும் செருகினாள். ஒரு பக்கத்திலிருந்து கொஞ்சம் எடுத்து மறுபக்கத்தில் வைத்தாள். பிறகு இன்னும் கொஞ்சம். எல்லா உறைகளும் ஒரே வெள்ளை. ஒன்றிலும் இன்னும் விலாசம் எழுதவில்லை. பெட்டியைத் தூக்கிக் கட்டில் சட்டத்தில் இரண்டு தரம் தட்டி விளிம்புகளைச் சமப்படுத்தினாள். அதற்குப் பிறகு அவளுடைய பெயர் இருக்கும் கார்ட் எது, அது யாருடைய கைக்குப் போகும் என்று எனக்கும் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

உம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு அறை வாசலில் வந்து நின்று, "ஊத்திட்டன் மகள், குடிச்சிட்டுப் போங்க," என்றார். அவள் உம்மாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செருப்பைக் காலாலேயே தேடிப் போட்டுக்கொண்டு, முற்றத்தைக் கடந்து போனாள். கச்சான் அவளுடைய அபாயாவை ஒரு பக்கமாக இழுத்தது. ஓட்டோவில் ஏறி, பெட்டியை மடியில் வைத்து, காற்று திறந்துவிடாமல் இரண்டு உள்ளங்கைகளாலும் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஓட்டோ கடற்கரை வீதிப் பக்கம் திரும்பியது.